மாற்றிப் போட்ட பிறகு அடம்பிடிக்கும் லினக்ஸ்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய லப்டொப்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் திருகோணமலையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லி வருபவர்கள் பல வகை. உவர்மலைப் பக்கம் ஐசிடி வகுப்பு நடத்துபவர்கள், உப்புவெளியில் விடுதி வைத்திருப்பவர்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு கொம்பியூட்டரும் ஒரு பிரிண்டருமாகத் தட்டச்சுக் கடை போட்டிருப்பவர்கள். போட்டுக் கொடுத்த வாரத்தில் யாரும் திரும்பி வருவதில்லை. கூட வந்த மென்பொருளில் ஒன்று பிடிக்காமல், அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்ட பிறகுதான் வருவார்கள். "அண்ணா, நான் ஒண்டும் செய்யல்ல, தன்பாட்டில இப்பிடி ஆயிட்டுது" என்றுதான் பேச்சு தொடங்கும்.

செய்தார்களா இல்லையா என்பதை ஒரு கோப்பு சொல்லிவிடும். வார் கோப்புறைக்குள் லொக், அதற்குள் ஆப்ட் (மென்பொருளை நிறுவும், நீக்கும் கருவியின் பெயர்), அதற்குள் ஹிஸ்டரி டொட் லொக். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எவை நிறுவப்பட்டன, எவை நீக்கப்பட்டன என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மாதம் திரும்பியதும் பழையதைச் சுருக்கி வைத்துவிடும். அதைப் படிக்க லெஸ் கட்டளைக்குப் பதிலாக இசட்லெஸ் போதும். கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

நான் எழுதுவது டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கும் அதன் வழிவந்த உபுண்டு, மின்ட் ஆகியவற்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வருவதெல்லாம் விளங்கும். டெபியனை நிறுவும்போது மென்பொருள் தேர்வுத் திரை ஒன்று வரும். க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்கியூடி என்று டெஸ்க்டொப்களின், அதாவது திரைச் சூழல்களின், பட்டியல் இருக்கும். அங்கே ஒன்றைத் தேர்ந்தால், அதற்கேற்ற உள்நுழைவுத் திரை, வைஃபை மேலாண்மை, எழுத்துருக்கள் எல்லாவற்றையும் நிறுவி என்ற அந்த நிறுவல் மென்பொருளே பார்த்துக் கட்டிவிடும். அப்போது மெஷினில் போட்டிக்கு வேறொன்றும் கிடையாது. அதே கேடிஇயை க்னோம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் பிறகு கொண்டுவந்து போட்டால், செயலிகள் எல்லாம் வந்துவிடும். பழைய டெஸ்க்டொப்பின் அமைப்புக் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ரிமூவ் என்று நீக்கினால் இட்சி கோப்புறையிலுள்ள அமைப்புகள் போகாது, பேர்ஜ் என்றால்தான் போகும். வீட்டுக் கோப்புறையில் கிடப்பவை அதற்கும் போகாது. கீழே வரும் கோளாறுகளில் அநேகமானவை இந்த மிச்சத்தால் வருபவை.

அறிகுறி: பைத்தனை மாற்றிய பிறகு டெர்மினல் திறக்கவில்லை, அல்லது டெஸ்க்டொப்பே இல்லை

ஐசிடி படிக்கும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம். உயர்தரப் பாடத்திட்டத்தில் பைத்தன் என்ற நிரல் மொழி இருக்கிறது. யூடியூபில் ஒருவர் புதுப் பதிப்பு வைத்துச் சொல்லிக் கொடுப்பார். உபுண்டு 22.04இல் இருப்பது 3.10, டெபியன் 12இல் 3.11. "இது பழசு" என்று முடிவாகிவிடும். இதில் இரண்டு விதமான சேதம் உண்டு.

முதலாவது, சிறியது. புதுப் பைத்தனைப் பக்கத்தில் நிறுவிவிட்டு, அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் பைத்தன்3 என்ற பெயரைப் புதியதுக்குத் திருப்பியிருப்பார்கள். உபுண்டு 22.04இன் டெர்மினல் செயலியைத் தொடக்குவதே ஒரு பைத்தன் நிரல்தான். அது தனக்குரிய பதிப்பைக் காணாமல் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஐகனை அழுத்தினால் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடும். ஆப்ட் வேலை செய்யும்போது "ஆப்ட்_பிகேஜி என்ற மொட்யூல் இல்லை" என்று பிழை வந்தால் இதுதான் காரணம் என்று உறுதி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து, அதே அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையில் கொன்ஃபிக் விருப்பத்தைக் கொடுத்து, கணினியோடு வந்த பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தது.

இரண்டாவது, பெரியது. பழைய பைத்தனை நீக்கியே விடுவது. சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தன்3 என்று (சூடோ என்பது நிர்வாகி உரிமை) தட்டியதும், நீக்கப்படப் போகும் பொதிகளின், அதாவது மென்பொருள் கட்டுகளின், பட்டியல் திரை நிறைய ஓடும். அதில் உபுண்டு-டெஸ்க்டொப் என்ற பெயரும் நடுவில் எங்கேயோ இருக்கும். யாரும் படிப்பதில்லை. யெஸ் என்பதன் முதல் எழுத்தான வையை அழுத்திவிடுவார்கள். நெட்வொர்க்கைக் கட்டமைக்கும் நெட்பிளானுக்கும் பைத்தன் வேண்டும் என்பதால், சேர்ந்து இணையமும் போய்விடலாம். திருப்பி நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு நீக்கியது வேண்டும்.

மீட்கும் வழி: எழுத்துத் திரையில் உள்நுழையுங்கள். போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். ஐபி லிங்க் என்று தட்டினால் புதிதாக ஓர் இடைமுகத்தின் பெயர் தெரியும். டிஎச்கிளையன்ட் அல்லது டிஎச்சிபிசிடி, உங்களிடம் எது இருக்கிறதோ அதற்கு முன்னால் சூடோ போட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். முகவரி கிடைத்ததும் சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் உபுண்டு-டெஸ்க்டொப். ஹிஸ்டரி கோப்பில் ரிமூவ் என்று தொடங்கும் வரியைப் பார்த்து, விடுபட்டவற்றையும் சேர்த்துப் போடுங்கள். அந்த இரண்டு கட்டளைகளில் ஒன்றும் இல்லையென்றால் போராட வேண்டாம். நிறுவிய யூஎஸ்பியில் நிறுவாமலேயே லைவாகத் தொடங்கி, கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, மறுபடி நிறுவுவதுதான் நேரம் மிச்சம்.

புதுப் பைத்தன் வேண்டும் என்ற ஆசையில் பிழையில்லை. பைஎன்வ் என்ற கருவி வழியாக உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் வேண்டிய பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். மேலதிக நூலகங்கள்தான் வேண்டுமென்றால் வென்வ் என்ற தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் வேலை செய்யலாம். டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டிலும் பைத்தன் நூலகங்களைப் போடும் பிப் நேரடியாக நிறுவ மறுத்து "வெளியிலிருந்து மேலாளப்படும் சூழல்" என்ற பொருளில் ஒரு பிழை காட்டும். பிள்ளைகள் அதைக் கோளாறு என்று நினைத்து, தடையை உடைக்கும் விருப்பத்தைத் தேடிப் போடுகிறார்கள். அந்தத் தடை இருப்பதே இப்படி ஆகாமல் தடுக்கத்தான்.

அறிகுறி: ஒரேயொரு செயலியை நீக்கினேன், சில நாளில் வேறு பலவும் காணாமல் போயின

இதுவும் அதே குடும்பம், கொஞ்சம் மெதுவாக நடப்பது. தன்னிடம் ஒன்றுமே இல்லாத, மற்றவற்றை இழுத்து வருவதற்காகவே இருக்கும் தாய்ப் பொதிகள் உண்டு. நீங்கள் பிடிக்காத செயலியை நீக்கும்போது, அதைக் கட்டாயமாக வைத்திருக்கும் தாய்ப் பொதியும் சேர்ந்து போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாய்ப் பொதி இழுத்து வந்தவற்றில் பல, "தானாக வந்தவை, இனித் தேவையில்லை" என்ற கணக்கில் விழலாம். வேறொரு நாள் இடம் போதவில்லை என்று ஆப்ட் ஓட்டோரிமூவ் கொடுத்தால் மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போகும்.

போனவற்றை ஹிஸ்டரி கோப்பைப் பார்த்துத் திரும்ப நிறுவுங்கள். பிறகு, வைத்திருக்க வேண்டியவற்றை ஆப்ட்-மார்க் மேனுவல் கொடுத்து, பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஓட்டோரிமூவ் இனி அவற்றைத் தொடாது. எதையும் நீக்குவதற்கு முன் ஆப்ட் கட்டளையோடு ஹைபன் எஸ் சேர்த்தால், செய்யாமல் செய்து காட்டும். பட்டியல் நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்காத செயலி மெனுவில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது பிடிக்கும் சில மெகாபைட்டுக்காக இந்தப் பாடு தேவையில்லை.

அறிகுறி: டெஸ்க்டொப்பை மாற்றிய பின் கறுப்புத் திரை, அல்லது கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி உள்நுழைவுத் திரை

உள்நுழைவுத் திரையைக் காட்டும் நிரல் டெஸ்க்டொப்புக்கு டெஸ்க்டொப் வேறு: க்னோமோடு ஜிடிஎம்3 வரும், கேடிஇயோடு எஸ்டிடிஎம் வரும், எக்ஸ்எஃப்சிஇயோடு பெரும்பாலும் லைட்டிஎம். இரண்டாவது ஒன்று நிறுவப்படும்போது எது வேண்டும் என்று ஒரு நீலத் திரை கேட்கும். அந்த நேரம் எதைத் தேர்ந்தீர்களோ அதைப் பிறகு நீக்கியிருந்தால், தொடக்கத்தில் அழைக்க ஆளில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உள்ளே போய், சூடோ டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் என்று தட்டி, மிஞ்சியிருக்கும் ஒன்றின் பெயரைக் கொடுங்கள். மறுதொடக்கம் செய்தால் வந்துவிடும்.

கடவுச்சொல் கொடுத்ததும் சுழன்று அதே இடத்துக்கு வந்தால் முதலில் திரையின் மூலையிலுள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்திப் பாருங்கள். நீக்கிவிட்ட டெஸ்க்டொப்பின் பெயரே இன்னும் தேர்வாகியிருக்கும். அது சரியென்றால் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க டிஎஃப் ஹைபன் எச். வட்டு நூறு வீதம் நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான். இரண்டு டெஸ்க்டொப்களைச் சேர்த்து வைத்திருக்கும் 32 ஜிபி வட்டு மெஷின்களில் இது சகஜம்.

அறிகுறி: வைஃபை ஐகன் இருக்கிறது, ஆனால் "மேலாளப்படவில்லை" என்கிறது

நிறுவும்போது தேர்வதற்கும் பிறகு போடுவதற்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உப்புவெளி விடுதி ஒன்றின் பழைய லப்டொப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பலவீனமானது, ஆகவே டெபியனை டெஸ்க்டொப் இல்லாமல் வெறுமையாக நிறுவி, பிறகு எக்ஸ்எஃப்சிஇயைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் டெஸ்க்டொப் தேர்ந்தெடுக்காத காரணத்தால், நிறுவும் நேரத்தில் கொடுத்த வைஃபை விவரத்தை நிறுவி இட்சிக்குள் நெட்வொர்க் கோப்புறையிலுள்ள இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதிவிட்டது. பிறகு வந்த, வைஃபையை மேலாளும் நெட்வொர்க்மேனேஜர் அந்தக் கோப்பைப் படித்து, "இந்த அட்டையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. பழைய ரவுட்டர் இருக்கும் வரை இணையமும் ஓடும், ஒருவருக்கும் தெரியாது. ரவுட்டரை மாற்றிப் புதுக் கடவுச்சொல் வந்த அன்றைக்குத்தான் போன் வரும்: "தம்பி, வைஃபை லிஸ்டே வருதில்ல."

உறுதிப்படுத்த, என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று தட்டுங்கள். வைஃபைக்கு நேராக அன்மேனேஜ்ட் என்றிருக்கும். இன்டர்ஃபேசஸ் கோப்பை முதலில் ஒரு பிரதி எடுங்கள். வைஃபை கடவுச்சொல் அதற்குள் அப்படியே எழுதப்பட்டிருக்கும். தொலைந்துபோன கடவுச்சொல்லைத் தேடுபவர்களுக்கு இது ஓர் உபகாரம். பிறகு கோப்பை நானோ எடிட்டரில் திறந்து, எல்ஓ என்ற உள் இடைமுகத்துக்குரிய இரண்டு வரிகளை விட்டுவிட்டு, வைஃபை அட்டையின் பெயர் வரும் பந்தியின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஹேஷ் குறி போடுங்கள். சேமித்து, மெஷினை மறுதொடக்கம் செய்தால் ஐகனில் பட்டியல் வந்துவிடும். இதைத் தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாதீர்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

வைஃபை அட்டையே என்எம்சிஎல்ஐ பட்டியலில் இல்லையென்றால் கதை வேறு. அட்டையை இயக்கும் ஃபேர்ம்வேர் என்ற உள்நிரல் இல்லை. டெபியன் 12இலிருந்து தனியுரிமை ஃபேர்ம்வேரையும் நிறுவியோடே தருகிறார்கள். ஆகவே 11ஐ வைத்து மல்லுக்கட்டுபவர்கள் புதிய நிறுவியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அறிகுறி: தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது, அல்லது தெரிகிறது, தட்டச்சு செய்ய முடியவில்லை

டெபியனின் வரைகலை நிறுவியில் மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்தால் தமிழுக்கான பொதிகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாரும் ஆங்கிலத்தில்தான் நிறுவுகிறார்கள், மெனுக்கள் பழகிப்போனதால். அதில் தப்பில்லை. பிறகு நீங்களாகவே டாஸ்க்-தமிழ் மற்றும் டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டொப் பொதிகளை நிறுவினால் போதும். மொழி ஆங்கிலமாகவே இருக்கும்.

எழுத்துரு மட்டும்தான் குறையென்றால் ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர் அல்லது ஃபொன்ட்ஸ்-லோஹித்-டாம்ல். பெட்டிகள் போய்விடும். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய வேர்ட் கோப்பு ஒன்றைத் திறக்கும்போது பெட்டிகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஓடினால், அது பாமினியில் அடித்த கடிதம். லினக்ஸில் பிழை இல்லை. பாமினி யுனிகோட் அல்ல என்பதால், அந்த எழுத்துருவை வீட்டுக் கோப்புறையில் போட்டால்தான் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் மாற்றி ஒன்றால் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். கடிதங்களும் விண்ணப்பங்களும் அடிக்கும் கடைகளில் பாதிக் கோப்பு இப்படித்தான் இருக்கும், ஆகவே விண்டோஸை விடும் முன்னரே பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து வையுங்கள்.

தட்டச்சு விஷயத்தில் கோளாறு டெஸ்க்டொப்பை மாற்றும்போதுதான் தொடங்கும். க்னோம் தன்னோடு, பல மொழித் தட்டச்சுக்கான ஐபஸ்ஸை வைத்துக்கொண்டு ஓடும். இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையோ தமிழ்99ஓ வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, அமைப்புகளில் சேர்த்தால் போதும். அங்கிருந்து எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினால் ஐபஸ்ஸைத் தொடக்கிவிட ஆளில்லாமல் போகலாம். ஐஎம்-கொன்ஃபிக் கட்டளையோடு ஹைபன் என், ஐபஸ் என்று கொடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். கேடிஇயின் வேலண்ட் (புதிய திரைக் காட்சி முறை) அமர்வில் இது போதாது. அதே வேலைக்கான ஃபிசிடிஎக்ஸ்5ஐயும் அதன் எம்17என் துணையையும் நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் வெர்ச்சுவல் கீபோர்ட் என்ற பக்கத்தில் ஃபிசிடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் தொட்டுத் தட்டும் பலகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், அங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஐபஸ், ஃபிசிடிஎக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால், எழுத்துகள் இரட்டிப்பதும் புள்ளி இடம் மாறுவதுமாகக் குழப்பும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஃபயர்ஃபொக்ஸை நீக்கி ஆப்டில் நிறுவினேன், மறுபடியும் ஸ்னாப்பாகவே வந்துவிட்டது

உபுண்டு 22.04இலிருந்து ஆப்டிலுள்ள ஃபயர்ஃபொக்ஸ் என்ற பொதி ஸ்னாப்பை, அதாவது உபுண்டுவின் வேறொரு பொதி முறையை, அழைத்து வரும் ஓர் இடைத்தரகர்தான். பழைய ஹார்ட் டிஸ்க் மெஷின்களில் முதல் முறை திறக்கும்போது ஸ்னாப் மெதுவாக இருக்கும் என்பதால் பலர் மாற்ற விரும்புகிறார்கள். நியாயம்தான்.

முதலில் புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஸ்னாப்பின் சுயவிவரம் வேறு இடத்தில், வீட்டுக் கோப்புறையின் ஸ்னாப் என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. அடுத்து மொசில்லாவின் சொந்த ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கான சாவி, வரி எல்லாம் மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் அப்படியே பிரதி எடுக்கக் கிடைக்கும். எல்லாரும் தவறவிடுவது அதற்கு அடுத்த படி: ஆப்டின் பிரிஃபரன்சஸ் கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி, மொசில்லா களஞ்சியத்துக்கு 1000 என்று முன்னுரிமை கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் உபுண்டுவின் இடைத்தரகரே வெல்லும். அது சரியானதும் ஆப்ட் பொலிசி ஃபயர்ஃபொக்ஸ் என்று தட்டினால், தேர்வாகப் போகும் பதிப்புக்கு நேரே மொசில்லாவின் முகவரி வர வேண்டும். வந்த பிறகு ஸ்னாப்பை நீக்கி, ஆப்டில் நிறுவுங்கள். ஏற்றுமதி செய்ய மறந்து நீக்கிவிட்டால், பேர்ஜ் கொடுக்காதவரை ஸ்னாப் ஒரு பிரதி எடுத்து 31 நாள் வைத்திருக்கும். ஸ்னாப் சேவ்ட் என்று தட்டினால் தெரியும்.

ஸ்னாப்பே வேண்டாம் என்பவர்கள் இதையெல்லாம் ஒவ்வொரு செயலிக்கும் செய்து களைக்க வேண்டாம். 24.04இல் தண்டர்பேர்டும் ஸ்னாப்புக்குப் போய்விட்டது. நிறுவும் நேரத்திலேயே மின்ட்டையோ டெபியனையோ எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட் 2020இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது.

அறிகுறி: ஒலி இல்லை, அமைப்புகளில் "டமி அவுட்புட்" என்று மட்டும் இருக்கிறது

பல்ஸ்ஓடியோ என்ற பழைய ஒலிச் சேவையிலிருந்து பைப்வயர் என்ற புதியதுக்கு மாற முயன்று பாதியில் நின்றிருப்பீர்கள். பாக்டிஎல் இன்ஃபோ என்று தட்டி, சேர்வர் நேம் வரியைப் பாருங்கள். பைப்வயர் ஓடுகிறது, ஆனால் கருவிகள் இல்லையென்றால் வயர்பிளம்பர் இல்லை. பைப்வயர் குழாய் மட்டும்தான், எந்த ஸ்பீக்கருக்கு எது போக வேண்டும் என்று தீர்மானிப்பது வயர்பிளம்பர். டெபியன் 12இலிருந்து பைப்வயர்-ஓடியோ என்ற ஒரு பொதி தேவையானதையெல்லாம் சேர்த்துக் கொண்டுவரும். அதை நிறுவி, சிஸ்டம்சிடிஎல் கட்டளையை யூசர் விருப்பத்தோடு கொடுத்துப் பல்ஸ்ஓடியோவின் சேர்விஸ், சொக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்து, வெளியேறி உள்நுழையுங்கள். இதற்கு சூடோ போடாதீர்கள். இது உங்கள் கணக்கின் சேவை, ரூட்டுடையது அல்ல.

அறிகுறி: சில செயலிகள் திறக்க அரை நிமிடம் வரை எடுக்கின்றன, மற்றவை உடனே திறக்கின்றன

மெஷின் பழசு என்று ரேம் வாங்கக் கிளம்பாதீர்கள். தாமதம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 25 நொடி என்றால், அது டி-பஸ் (செயலிகள் தமக்குள் பேசும் வழி) பதிலுக்குக் காத்திருந்து கைவிடும் நேரம். க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு வந்தவர்களிடம் எக்ஸ்டிஜி-டெஸ்க்டொப்-போர்ட்டல்-க்னோம் பொதி, அதாவது செயலிக்கும் டெஸ்க்டொப்புக்கும் இடையில் நிற்கும் போர்ட்டல், மிஞ்சியிருக்கும். செயலி அதைக் கேட்கிறது, க்னோம் இல்லாமல் அதனால் பதில் சொல்ல முடியவில்லை. அதை நீக்கி, ஜிடிகே என்று முடியும் போர்ட்டலை மட்டும் வைத்திருங்கள். இரண்டு டெஸ்க்டொப்பும் வேண்டுமென்றால் டெபியன் 13இல் போர்ட்டல்ஸ் டொட் கொன்ஃப் கோப்பில் எதற்கு எது என்று எழுதிவிடலாம்.

அறிகுறி: பிடிஎஃப் வேறு செயலியில் திறக்கிறது, நானோ வரவேண்டிய இடத்தில் விஐ வருகிறது

சிறு விஷயங்கள். பிடிஎஃப்பில் வலது சொடுக்கி, பண்புகளில் இயல்புச் செயலியை மாற்றுங்கள். தேர்வு வீட்டுக் கோப்புறையின் டொட் கொன்ஃபிக்கில் மைம்ஆப்ஸ் டொட் லிஸ்டில் பதிவாகும். அங்கே நீக்கிவிட்ட செயலிகளின் பெயர் கிடந்தால் வரியை அழித்துவிடலாம். எடிட்டருக்கு அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸில் கொன்ஃபிக் எடிட்டர். விஐயில் மாட்டிக்கொண்டவர்கள் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர்.

அறிகுறி: டிஎன்எஸ்மாஸ்க் தொடங்க மறுக்கிறது, 53ஆம் போர்ட் பிசி என்கிறது

விடுதிகளில் விருந்தினர் வைஃபையில் விளம்பரங்களைத் தடுக்க, இணையப் பெயர்களைத் தேடித் தரும் இந்தச் சேவையைப் போடுகிறார்கள். உபுண்டுவில் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-ரிசோல்வ்ட் ஏற்கெனவே 127.0.0.53 முகவரியில் அந்த போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ரிசோல்வ்டை அடியோடு நிறுத்தினால் மெஷினுக்கே பெயர்த் தேடல் போய், டிஎன்எஸ்மாஸ்க்கைத் தரவிறக்கக்கூட முடியாமல் நிற்பீர்கள். மாரி மழைக்குள் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஓடு வாங்கக் கடைக்குப் போவது மாதிரி. முதலில் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுவுங்கள், தொடங்காது, பரவாயில்லை. பிறகு ரிசோல்வ்டின் கொன்ஃப் கோப்பில் டிஎன்எஸ்ஸ்டப்லிசனர் என்ற வரியை நோ ஆக்கி, ரிசோல்வ் டொட் கொன்ஃப் இணைப்பை அதன் ஸ்டப் இல்லாத கோப்புக்குத் திருப்பி, ரிசோல்வ்டை மறுதொடக்கம் செய்து, அப்புறம் டிஎன்எஸ்மாஸ்க்கைத் தொடக்குங்கள்.

மெயில் அனுப்ப எக்சிமுக்குப் பதில் போஸ்ட்ஃபிக்ஸ், நேரம் ஒத்திசைக்க டைம்சிங்க்டிக்குப் பதில் குரோனி என்று மாற்றுவோருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒன்று வந்தால் மற்றது தானாக விலகும்படி பொதிகளிலேயே எழுதியிருக்கிறார்கள். குரோனி போட்ட பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி பின்னால் போகிறது என்று ஒரு கிண்ணியா நானா சண்டைக்கே வந்தார். குரோனி குற்றவாளி இல்லை. லினக்ஸ் மெஷின் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும், நமக்கும் யூடிசிக்கும் உள்ள இடைவெளி ஐந்தரை மணி. டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

எதை நிறுவும்போதே தீர்மானிப்பது

பிரவுசர், பாட்டுச் செயலி, எடிட்டர், மெயில் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதியதை முதலில் போட்டு, சில நாள் பாவித்து, பிறகு பழையதை எடுங்கள். மின்ட்டில் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது, மாற்றும் முன் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டால் இந்தப் பக்கமே உங்களுக்குத் தேவைப்படாது.

டெஸ்க்டொப்பைப் பிறகு மாற்றலாம், ஆனால் மேலே பார்த்த அறிகுறிகளில் பாதி அதனால் வருபவை. லைவ் யூஎஸ்பியில் இரண்டு மூன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, நிறுவும்போதே ஒன்றைத் தேர்வது நல்லது.

முழு வட்டு மறையாக்கம், கோப்பு முறைமை, வீட்டுக் கோப்புறைக்குத் தனி வட்டுப் பிரிவு ஆகிய மூன்றையும் பிறகு மாற்றப் போகாதீர்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை பிடிஆர்எஃப்எஸ் ஆக்கக் கருவி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறதுதான். நான் வாடிக்கையாளர் வட்டில் அதைத் தொடுவதில்லை. கணினியின் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி வேண்டாம் என்பதும் இந்த வகைதான். டெபியன் 2015இல் 8ஆம் பதிப்போடு அதை இயல்பாக்கிவிட்டது, நிறுவியில் மாற்றுத் தேர்வு கேட்காது. ஓடும் மெஷினில் அதன் பழைய மாற்றான சிஸ்வினிட் போட்டுப் பார்க்கலாம், ஆனால் க்னோம் போன்றவை எதிர்பார்க்கும் உள்நுழைவுச் சேவைக்கு எலொகின்ட் தேட வேண்டும், ஒவ்வொரு மேம்படுத்தலிலும் கண் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வெறுப்பென்றால் தொடக்கத்திலேயே, சிஸ்டம்டி இல்லாத டெபியனான டெவுவான்.

மேலே உள்ள அறிகுறிகளில் இரண்டு மூன்று ஒரே மெஷினில் சேர்ந்து வந்தால் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, வீட்டுக் கோப்புறையை வெளி வட்டில் பிரதி எடுத்து, வேண்டிய டெஸ்க்டொப்பைத் தேர்ந்து மறுபடி நிறுவுங்கள். தரவிறக்கத்தை இரவு டேட்டா தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கோப்புறையைத் திரும்ப வைக்கும்போது ஆவணங்கள், படங்கள், பிரவுசர் சுயவிவரம் மட்டும் போதும். டொட் கொன்ஃபிக்கை அப்படியே கொண்டுவந்தால் பழைய கோளாறும் கூடவே வரும்.